கட்டிங் இன்னும் எழுந்திருக்கவில்லை

தாராவி
2 பிப்ரவரி 2025

அன்புள்ள நாயகம் அண்ணாச்சிக்கு,

ஜெயினுலாப்தீன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிட வேண்டாம். இது சண்முகவடிவு அக்கா கையில் முதலில் கிடைத்தால், அக்கா, படித்துவிட்டுக் கிழியுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

கல்யாணில் அக்கா வீட்டுக்கு இரண்டு தடவை வந்தேன். முதல் தடவை அக்கா ஜன்னல் வழியாகவே, "தம்பி தூங்குதான்" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தடவை கதவைத் திறந்தார்கள். "என் தம்பிக்கு வாயும் போச்சு, கையும் போச்சு. உங்க கூத்துக்கு இன்னும் என்ன வேணும்?" என்றார்கள். வாங்கி வந்த ஆரஞ்சைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உங்கள் மொபைலை அக்கா பிடுங்கி வைத்திருப்பதாக உங்களோடு லிஃப்டில் டூட்டி பார்த்த மன்சூர் அலி சொன்னார். நல்லதுதான். நீங்கள் விழுந்ததைக் கூட்டத்தில் எவனோ எடுத்துப் போட்ட அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இடது கையால் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் அவர்தான் சொன்னார். அதனால்தான் கடிதம்.

அந்த நாள் உங்களுக்கு ஞாபகமில்லையாமே. அக்கா சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லிவிடுகிறேன்.

நம் சின்னப் படங்களில் வருகிற வழக்கமான காட்சிதான். நீங்கள் தொளதொள கோட்டுக்குள் பாவ் ரொட்டி திருடி ஒளித்த திருடன். நான் தொப்பியும் ஒட்டு மீசையுமாகப் போலீஸ் ஹவல்தார். என் மகள் தமன்னா கையில் கேமரா. நீங்கள் ஏணியிலிருந்து விழுந்து செத்ததுபோல் கிடக்க வேண்டும். நம் நாய் கட்டிங் ஓடிவந்து உங்கள் நெஞ்சின்மேல் படுக்க வேண்டும். நான் பிணத்தைப் புரட்ட வரும்போதெல்லாம் அது என் பேன்ட்டின் பின்பக்கத்தைக் கவ்வ வேண்டும். நான் தோற்று ஓடியதும் அது எழுந்து இரண்டு பக்கமும் தலையைத் தாழ்த்தி சலாம் போட வேண்டும், நீங்கள் எழுந்து பாவைப் பிட்டுப் பாதியை அதற்குக் கொடுக்க வேண்டும். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. தமிழன், மராட்டி, பிஹாரி எல்லாருக்கும் ஒரே சிரிப்பு.

அன்றைக்கு நீங்கள் ஏணியில் ஏறவே இல்லை. அதைப் பிடித்தபடி நின்றீர்கள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. 'அண்ணாச்சி புதுசா ஒரு மூஞ்சி கண்டுபிடிச்சிட்டாரு' என்று நினைத்தேன். அல்லாஹ் மேல் ஆணை, அப்படித்தான் நினைத்தேன். சந்தில் நின்ற கூட்டம் அந்த முகத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தது. நீங்கள் சரிந்தீர்கள், கட்டிங் வந்து படுத்தது, நான் தடியைச் சுழற்றிக்கொண்டு வந்தேன். கவ்வியது, ஓடினேன். திரும்ப வந்தேன், திரும்ப ஓடினேன். உங்கள் பேன்ட் நனைந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் கட்டிங் உங்கள் பக்கத்தில் என்னை விடவில்லை. யாரையும் விடவில்லை. கடைசியில் என் தோல் பட்டறைக்குள் ஓடி இரும்புக் கம்பியை எடுத்து வந்து அதை அடித்தேன். அதற்கு இடது கண் போய்விட்டது. உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால்" என்று டாக்டர் ஆரம்பித்தார். மிச்சத்தைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கட்டிங் போன வாரம் பிராணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. வந்ததும் பட்டறையில் ஆணியில் தொங்கிய உங்கள் கோட்டை மோந்து பார்த்தது, இழுத்துக் கீழே போட்டது, அதன்மேல் படுத்தது. அவ்வளவுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரி நஸீரா ஸ்பூனில் பால் விட்டால் கொஞ்சம் உள்ளே போகிறது. கோட்டில் யார் கை வைத்தாலும் பல்லைக் காட்டுகிறது. காயம் ஆறிவிட்டது, ஏன் எழவில்லை என்று தெரியவில்லை என்கிறார் டாக்டர். எனக்குத் தெரியும். அதற்கு இன்னும் ஷாட் முடியவில்லை.

நீங்கள் யாருக்கும் தெரியாமல் அதற்கு ஏதோ அடையாளம் காட்டுவீர்கள், அப்போதுதான் அது எழும். கேட்டால் "தொழில் ரகசியம்லே" என்பீர்கள். தமன்னா பழைய படங்களையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டாள், ஒன்றும் பிடிபடவில்லை. என் மச்சினன் அப்ரார், "நான் அண்ணாச்சி மாதிரி விழுந்து பாக்கட்டுமா" என்கிறான். நன்றாகவே விழுகிறான். ஆனால் அடையாளம் தெரியாமல் விழுந்து என்ன பிரயோசனம்?

அதை மட்டும் எழுதுங்கள் அண்ணாச்சி. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள்
ஜெயினு


கல்யாண்
8 பிப்ரவரி

ஜெயினு,

இடது கை. ஒரு வரி எழுதுவதற்குள் காபி ஆறிவிடுகிறது. அதனால் அன்புள்ள கின்புள்ள எல்லாம் இல்லை.

மீசையை ஏன் எடுக்கவில்லை?

கட்டிங்குக்கு இரண்டு ஜெயினு உண்டு. மீசையில்லாத ஜெயினு பாவ் போடுகிறவன். மீசை வைத்த ஜெயினு கடிபட வேண்டியவன். அதை அப்படிப் பழக்கியது நாம்தானே? மீசையை எடுத்துவிட்டு வந்திருந்தால் இருக்கிற அரை வாலை ஆட்டிக்கொண்டு உனக்கு வழி விட்டிருக்கும். நீ கம்பியை எடுத்தாய்.

அந்த நாயை அன்றைக்கே கொன்றிருக்க வேண்டும் என்று அக்கா தினமும் சொல்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன். இப்போது எனக்கு ஆட்டத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் நாய் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தது. அந்தச் சந்தில் அன்றைக்கு ஒழுங்காக வேலை பார்த்தது அது மட்டும்தான்.

அடையாளம் கேட்கிறாய். யாருக்கு, அப்ராருக்கா? நான் இங்கே கடைவாயில் மோர் ஒழுக உட்கார்ந்திருப்பேன், உன் மச்சினன் அங்கே என் கோட்டைப் போட்டுக்கொண்டு விழுவான், அப்படித்தானே? நன்றாகவே விழுகிறானாமே. நல்லாயிருக்கட்டும்.

சொல்ல மாட்டேன்.

பிரம்மநாயகம்


தாராவி
13 பிப்ரவரி

அண்ணாச்சி,

உங்கள் கடிதத்தைத் தமன்னாவிடம் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஏனென்றால் அவள் பார்த்தவள்.

மீசையை எடுக்கவில்லை என்று யார் சொன்னது? முதலில் தொப்பியைத்தான் எறிந்தேன். அப்புறம் மீசையைப் பிய்த்தேன். வரவில்லை. போன படத்தில் பாதியில் கழன்று விழுந்ததே, நீங்கள்கூட "ஹவல்தாருக்கு மீசை உதிர் காலம்" என்று கேலி செய்தீர்களே, அதனால் அன்றைக்குப் பட்டறையில் தோலை ஒட்டுகிற சொல்யூஷனைப் போட்டு ஒட்டியிருந்தேன். நகத்தைப் போட்டு இழுக்கிறேன், ஒரு பக்கம் மட்டும் தொங்குகிறது. கட்டிங் என்னைப் பார்த்து உறுமுகிறது. நான் மீசையோடு மல்லுக்கட்டுகிறேன். கூட்டம் கைதட்டுகிறது அண்ணாச்சி. "அரே, க்யா ஆக்டிங் ஹை!" என்று என் நடிப்பை மெச்சி ஒருத்தன் கத்துகிறான். "படமில்ல, நெசம்! யாராவது வாங்கய்யா!" என்று நான் கத்தினேன். நம் படத்தில் நான் என்றைக்காவது வாயைத் திறந்திருக்கிறேனா? அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கடைசியில் தோலோடு பிய்த்தேன். மேலுதட்டில் தழும்பு இருக்கிறது, நேரில் பார்த்தால் தெரியும். அதற்குள் கட்டிங்குக்கு நான் எந்த ஜெயினு என்று பார்க்கிற நிதானம் போய்விட்டது. எனக்கும்தான்.

அப்ராரைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம். என் புத்தி மட்டம். அவன் விழுந்தால் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள், உங்கள் காலில் ஒட்டிய தூசிக்கு ஆக மாட்டான். படம் எடுக்கிற எண்ணமே எனக்கு இல்லை. தொப்பி, தடி எல்லாவற்றையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டாயிற்று.

ஒன்று சொல்கிறேன். நாய் வாய் பட்ட இடத்தை ஏழு தண்ணீர் கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்து, என்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு படம் முடிந்ததும் நான் குழாயடியில் உட்கார்ந்து அந்தப் பேன்ட்டைக் கழுவுவேன். நீங்கள் சிரித்துச் சிரித்து, "ஏலே, இதைப் புடிச்சாலே இன்னொரு படம்லே" என்பீர்கள். இப்போது தினமும் கழுவுகிறேன். ஒரு டப்பாவில் மண் வைத்திருக்கிறேன். கட்டிங்குக்குப் பால் கொடுத்துவிட்டுக் கழுவிக்கொண்டு தொழப் போகிறேன். அது என் கையை நக்குகிறது, கம்பி பிடித்த அதே கையை.

அதற்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. அடையாளத்தை எழுதுங்கள்.

ஜெயினு


கல்யாண்
18 பிப்ரவரி

ஜெயினு,

மீசை விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன். கேலி செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் கேலிதான் அதை அப்படி ஒட்டவைத்திருக்கிறது.

ஆனாலும் அடையாளத்தைச் சொல்ல முடியாது. ஏன் என்று சொல்கிறேன். அப்ரார் இல்லை காரணம்.

இங்கே ஒருத்தி வந்து எனக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு ரப்பர் பந்தை என் வலது கையில் வைத்து அமுக்கச் சொல்கிறாள். பந்து உருண்டு கீழே போகிறது. அவள் எடுத்துத் தருகிறாள், மறுபடி போகிறது. வாய் பேசாத, விழுகிற, எடுக்கிற வேடிக்கை. எவ்வளவு நல்ல காட்சி! அக்கா மட்டும் சிரிப்பதில்லை, உள்ளே போய் அழுகிறாள். டாக்டர் என்னிடம் பேசாமல் அக்காவிடம் பேசுகிறார். நான் எழுந்து நடப்பேன் என்று இவர்களில் ஒருத்தரும் நம்பவில்லை. நம்புவதாக நடிக்கிறார்கள், அதையும் கேவலமாக நடிக்கிறார்கள்.

நான் விழுந்தால் எழுந்துவிடுவேன் என்று நம்புகிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது உன் பட்டறையில் என் கோட்டின்மேல் படுத்திருக்கிறது. அது எழுந்துவிட்டால் படம் முடிந்தது. அப்புறம் நான் வெறுமனே விழுந்து கிடக்கிறவன்.

பங்குனி வரட்டும். நானே வந்து அதை எழுப்புகிறேன். அதுவரை நஸீராவைப் பால் ஊற்றச் சொல்.

நாயகம்


தாராவி
21 பிப்ரவரி

அண்ணாச்சி,

இன்றைக்கு உங்களைத் திட்டத்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் தாமதமாகும் என்று மன்சூர் அலி கையில் கொடுத்தனுப்புகிறேன், அவர் கல்யாண் வண்டியில் வருகிறார்.

பங்குனி வரைக்கும் எது இருக்கும்? படுத்துப் படுத்து அதன் இடுப்பில் புண் வந்துவிட்டது. இரண்டு நாளாகப் பால் உள்ளே போவதில்லை, வாயோரம் வழிந்துவிடுகிறது. குளுகோஸ் ஏற்றுகிறார்கள். இப்படியே கிடந்தால் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார் டாக்டர். "நஹி, நஹி, வேண்டாம்" என்று தமன்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உங்கள் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நீங்கள் எழுந்திருப்பீர்கள் என்று ஒருத்தர் நம்ப வேண்டும் என்பதற்காக அந்த வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்க வேண்டுமா? நான் நம்பவில்லையா? எனக்கு நம்பிக்கையில்லாமலா கதவடைக்கிற வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்? என்னைக் கணக்கில் சேர்க்கவே மாட்டீர்களா? ஒட்டு மீசை வைத்து உதை வாங்குகிறவன்தானே என்று நினைத்துவிட்டீர்களோ?

நான் கம்பியால் அடித்தது ஒரு தடவை. நீங்கள் கல்யாணில் உட்கார்ந்துகொண்டு தினமும் அடிக்கிறீர்கள்.

பதிலை மன்சூர் கையிலேயே கொடுங்கள்.

ஜெயினு


கல்யாண்
21 பிப்ரவரி, ராத்திரி

ஜெயினு,

மன்சூர் அலி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கடைசி வண்டிக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும்.

மல்லாந்து படு. அதை உன் நெஞ்சின்மேல் படுக்க வை. கேமராவுக்குத் தெரியாத பக்கமாக வலது கையை அதன் அடியில் விடு. முன்னங்காலுக்குப் பின்னால், இடது பக்கம், இதயம் அடிக்கிற இடம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து இரண்டு தட்டு. கதவைத் தட்டுவதுபோல, மெதுவாக.

அவ்வளவுதான் தொழில் ரகசியம்.

அந்த இரண்டு விரலும் இப்போது பந்தைக்கூடப் பிடிப்பதில்லை.

உடனே செய்.

நாயகம்


தாராவி
27 பிப்ரவரி

அண்ணாச்சிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்றைக்கு ராத்திரியே மன்சூர் வந்து கதவைத் தட்டியதும் எல்லோரும் பட்டறைக்கு ஓடினோம். நான் தரையில் மல்லாந்து படுத்தேன். தமன்னாவும் நஸீராவும் கோட்டோடு சேர்த்துக் கட்டிங்கைத் தூக்கி என்மேல் வைத்தார்கள். கனமே இல்லை. ஒரு பழைய பையைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. அந்த ஒற்றைக் கண்ணால் என் முகத்தைப் பார்த்தது. நீங்கள் இல்லை என்று அதற்கு நன்றாகத் தெரியும். நான் கையை அடியில் விட்டு, நீங்கள் சொன்ன இடத்தில், இரண்டு தட்டு தட்டினேன்.

உடனே எழுந்தது அண்ணாச்சி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முன்னங்கால் நடுங்கியது, பின்னங்கால் வழுக்கியது, என் வயிற்றை மிதித்துக்கொண்டு இறங்கி நின்றது. இடது பக்கம் தலையைத் தாழ்த்தியது, தமன்னா நின்றாள். வலது பக்கம் தாழ்த்தியது, அங்கே தையல் மெஷின்தான் இருந்தது. அதற்கும் சலாம் போட்டது. நஸீரா சிரித்துவிட்டாள், சிரித்தபடியே அழுதாள். நான் பாவைப் பிட்டுப் பாலில் நனைத்து வைத்தேன். பாதியைச் சாப்பிட்டது. மீதிப் பாதியைத் தொடவில்லை. அது உங்கள் பங்கு.

கதவைத் திறக்கச் சொல்லிப் பிறாண்டியது. திறந்தேன். சந்தில் அந்த ஏணி வரைக்கும் நடந்து போய், அடியில் மோந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் காலடியில் படுத்தது. கோட்டின்மேல் படுக்கவில்லை.

நேற்றுக் காலையில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான். டாக்டர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

தாராவியில் அதற்கு மண் எங்கே இருக்கிறது? சயான் பக்கம் ஒரு பங்களா வாட்ச்மேனைக் கெஞ்சி, பின்பக்கத்து மரத்தடியில் அடக்கம் செய்தோம். கோட்டையும் சேர்த்துப் போர்த்திவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு என்றால் மன்னியுங்கள். குழி தோண்டியது அப்ரார்.

திரும்பி வந்து கை கழுவினேன். டப்பாவைத் திறக்கவில்லை, கையெல்லாம் மண்ணாகத்தான் இருந்தது.

ஜெயினு


கல்யாண்
4 மார்ச்

ஜெயினு,

டாக்டர் சொன்னதை நீ எழுதவில்லை. எனக்குத் தெரியும். உன்னிடம் 'கொஞ்சம் முன்னாடி' என்று ஆரம்பித்தார்களே, அதையேதான் சொல்லியிருப்பார். உன் முதல் கடிதத்திலேயே நீ கேட்டது அந்த இரண்டு தட்டைத்தான். ஒரு வரியில் முடிகிற விஷயம். திட்டுவதற்கு என் இடது கை வேலை செய்தது.

அது என் நாய், ஜெயினு. நான்தான் கொன்றேன்.

கோட்டைப் போர்த்தியது சரி. அப்ராருக்கு என் நன்றியைச் சொல். அவன் நன்றாக விழுகிறான் என்று நீ எழுதியது நிஜமா, எனக்காகப் பிறகு மாற்றிச் சொன்னது நிஜமா என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அக்கா இட்லியைப் பிசைந்து ஸ்பூனில் ஊட்டப் பார்க்கிறாள், வாயோரம் வழிகிறது. "எந்திரிடா, என் ராசால்ல, எந்திரிடா" என்கிறாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன். நேற்று அவளும் ஓய்ந்துபோய், கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நான் யாரைடா கூப்பிடட்டும்?" என்று கேட்டாள். சிலேட்டை வாங்கி உன் பெயரை எழுதிக் காட்டினேன். சிலேட்டைத் திரும்ப வாங்கிக் கட்டில்மேல் வைத்தாள். அப்புறம், "வரச்சொல்லு" என்றாள். ஆரஞ்சை அன்றைக்கே உரித்துச் சாப்பிட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வா. அக்கா கதவைத் திறப்பாள்.

நான் மல்லாந்துதான் கிடப்பேன். பேச்சு கொடுக்காதே, ஆறுதல் சொல்லாதே. பக்கத்தில் வந்து உட்கார். என் நெஞ்சில், இடது பக்கம், இரண்டு விரலால் தட்டு.

எழுந்திருக்கிறேனா பார்ப்போம்.

நாயகம்